மூன்று பெயர் கொண்ட படகு

தெமியாங் என்பது மலாய் மொழியில் ஒருவகை மூங்கிலுக்குப் பெயர். கணுக்கள் ஒன்றுக்கொன்று விலகி, தண்டு மெலிந்து வளரும் அந்த மூங்கிலைக் கொண்டுதான் காடுவாழ் மக்கள் தங்கள் ஊதுகுழல்களைச் செய்துவந்தார்கள். நெகிரி செம்பிலானின் தலைநகரான சிரம்பானை ஒட்டி அப்பெயர் தாங்கிய பகுதி ஒன்று இருக்கிறது. அவ்வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்க்கு உலகில் தெமியாங் என்று ஒன்றே ஒன்றுதான். ஆனால் வகுப்பறைச் சுவரில் தொங்கும் நிலப்படத்தைவிடச் சற்றுப் பெரிய படத்தை விரித்து, சிங்கப்பூருக்குத் தெற்கே விரலை நகர்த்திக்கொண்டு போனால், ரியாவ், லிங்கா தீவுக்கூட்டங்களின் நடுவே மற்றொரு தெமியாங் தென்படும். அது ஒரு தீவு. அதை ஒட்டிச் செல்லும் கடல்வழிக்குத் தெமியாங் நீரிணை என்று பெயர்.

ஊர்ப்பெயர் ஒற்றுமை பெரிய செய்தியன்று. மலாய் உலகம் முழுவதும் மரங்களின் பெயரும் மூங்கில்களின் பெயரும் ஊர்களுக்கு வழங்குகின்றன. எனினும், அந்தக் கடல் தெமியாங்கின் வழியே 1943 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஊர்ந்து சென்ற ஒரு மரப்படகின் வரலாறு, தரைத் தெமியாங்கில் வாழும் தமிழர் அறிந்துகொள்ளத் தக்கது. அப்படகு மீன் சுமந்தது, அகதிகளைச் சுமந்தது, வெடி சுமந்தது, இறுதியில் இழுவைப்படகாக மரக்கட்டைகளை இழுத்தது. அது ஒருமுறை நாகப்பட்டினத்திற்கும் போனது. மலாயாத் தமிழர் குடும்பங்களில் நாகப்பட்டினம் என்ற பெயரைக் கேட்டதும் ஒரு பாட்டன் அல்லது பாட்டி நினைவுக்கு வராத வீடு குறைவு.

அப்படகு 1934 ஆம் ஆண்டில் ஜப்பானில் கட்டப்பட்டது. முழுவதும் மரம். நீளம் எழுபது அடி. அகலமோ பதினோரு அடிதான். ஒடுங்கி நீண்ட அந்த உடலுக்குள் ஜெர்மனியில் செய்யப்பட்ட ஒரு டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. மணிக்கு ஆறரைக் கடல்மைல் வேகத்திற்கு மேல் அதனை விரட்ட இயலாது. மிதிவண்டியில் செல்பவர் அதனை எளிதாக முந்திவிடுவார். அதற்கு இட்ட பெயர் 'கோஃபுக்கு மாரு'. ஜப்பானிய மொழியில் கோஃபுக்கு என்றால் இன்பம், நல்வாழ்வு என்று பொருள்.

போருக்கு முன் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஜப்பானிய மீன்பிடி நிறுவனங்கள் தொழில் நடத்தின. மீனவர்கள் தொலைவிலுள்ள தீவுகளின் கடலில் வாரக்கணக்காகத் தங்கிவிடுவார்கள். அவர்களுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்து, பிடித்த மீனைத் துறைமுகத்துக்கு ஏற்றிவரும் வேலை கோஃபுக்கு மாருவுடையது. தோட்டத்து வழக்கில் சொல்வதானால், வெட்டுக்காட்டுக்கும் ஸ்டோருக்கும் இடையே பால் ஏற்றிச் செல்லும் லாரியைப் போன்றது அது. யாரும் அதனைப் படம் எடுத்து மாட்டிவைக்கமாட்டார்கள். ஒருநாள் அது வராவிட்டால் மட்டும் எல்லோரும் அதனைத் தேடுவார்கள்.

1941 டிசம்பர் 8 ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தாபாருவில் இறங்கின. சில நாட்களுக்குள் ஆஸ்திரேலியக் கடற்படையின் கண்ணிவாரிக் கப்பலான 'கோல்பர்ன்', இந்தப் படகையும் உடனிருந்த மற்ற மீன்படகுகளையும் பிடித்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. பகைநாட்டுச் சொத்து என்ற முத்திரையோடு அது துறைமுகத்தின் ஒரு மூலையில் கிடந்தது. பெரிய போர்க்கப்பல்களையே காக்க வழியில்லாத நாட்கள் அவை. மீன் நாற்றம் அடிக்கும் மரப்படகை யார் பொருட்படுத்துவார்?

நிலத்தில் நிலைமை நாளுக்கு நாள் கைமீறியது. 1942 ஜனவரி 11 இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஜனவரி 14 ஆம் நாள் மாலை, நெகிரி செம்பிலானின் கெமிஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து, மிதிவண்டிகளில் வந்த ஜப்பானியரைத் தாக்கினர். அது ஒருநாள் வெற்றிதான். சிரம்பானும் அதே வாரத்தில் கைமாறியது. துரைமார்கள் தோட்டங்களை விட்டுத் தெற்கே ஓடினார்கள். அவர்கள் ஏறிப்போகச் சாலையில் கார் இருந்தது. சிங்கப்பூரில் கப்பல் இருந்தது. பால்மரத்தடியில் நின்றவர்களுக்கு இரண்டும் இல்லை. அவர்களை ஏற்றிவந்த கப்பல்களின் வரவு அந்த டிசம்பரோடு நின்றுபோயிற்று.

பிப்ரவரி நடுவில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய கப்பல்களும் படகுகளும் எண்ணிலடங்கா. அவற்றுள் பெரும்பாலானவை சுமத்திராவை நோக்கிச் சென்றன. ஜப்பானிய விமானங்கள் அவற்றைத் தீவுகளுக்கிடையே தேடித்தேடிக் குண்டு வீசின. பிப்ரவரி 14 இல் பொம்போங் என்ற சிறு தீவின் அருகே 'குவாலா', 'தியென் குவாங்' என்ற இரு கப்பல்கள் தாக்கப்பட்டன. தாதிமாரும் பிற பெண்களும் குழந்தைகளும் படைவீரர்களுமாக உயிர் தப்பிய நூற்றுக்கணக்கானோர் அந்தத் தீவில் கரையேறினர். உண்ண ஏதும் இல்லாத தீவு அது. குடிக்கச் சிறிது ஊற்றுநீர் மட்டுமே கிடைத்தது.

இந்த இடத்தில்தான் பில் ரெனால்ட்ஸ் என்பவர் வரலாற்றில் நுழைகிறார். ஆஸ்திரேலியர், மலாயாவில் சுரங்கத் தொழிலில் இருந்தவர், கடலும் அறிந்தவர். சிங்கப்பூர் வீழும் தறுவாயில், கைவிடப்பட்டுக் கிடந்த கோஃபுக்கு மாருவை அவர் எடுத்துக்கொண்டார். பழுதுபட்டுக் கிடந்த இயந்திரத்துக்கு எப்படியோ உயிரூட்டினார். அவருக்குத் துணையாகச் சீன ஊழியர் சிலர் வந்தனர். அவர்களுள் ஒரு பெண்ணும் அவளுடைய சிறுமகளும் இருந்தார்கள் என்பது பலரும் கவனியாத செய்தி. போர்க்கால வீரச்செயல்களைப் பற்றிய நூல்கள் அதிகாரிகளின் பெயரையும் பதவியையும் வரிசைப்படுத்தும். அடுப்பு மூட்டியவளையும் எண்ணெய் ஊற்றியவனையும் 'முதலானோர்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடும். பாதியில் நின்றுபோகும் இயந்திரத்தோடு இரவு முழுவதும் போராடியவர்கள் அந்த 'முதலானோர்'தாம்.

ரெனால்ட்ஸ் தப்பியோடியிருக்கலாம். படகு இருந்தது, வழி தெரியும். அவர் அவ்வாறு செய்யவில்லை. பொம்போங் போன்ற தீவுகளுக்கும் சுமத்திராவின் கிழக்குக் கரையில் கலக்கும் இந்திரகிரி ஆற்றுக்கும் இடையே அந்தப் படகை மீண்டும் மீண்டும் ஓட்டினார். தீவுகளில் தவித்தவர்களை ஏற்றி, ஆற்றின்வழியே தெம்பிலாகானுக்கும் ரெங்காட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கிருந்து அவர்கள் மலையைக் கடந்து மேற்குக் கரையிலுள்ள பாடாங் துறைமுகத்தை அடைய வேண்டும். பகலில் சதுப்புமரங்களின் நிழலில் ஒதுங்குவதும் இரவில் ஓடுவதும் அத்தகைய படகுகளின் வாழ்க்கையாயிற்று. பிற்காலத்தார் கணக்கின்படி, அவ்வாறு அவர் கரைசேர்த்தவர்கள் 1,100 பேருக்கு மேல். எழுபதடி நீளமும் பதினோரடி அகலமும் கொண்ட படகு அது. மீன்பெட்டி வைக்கும் அறையில் காயம்பட்டவர்களைப் படுக்கவைத்து, மேற்பலகையில் குழந்தைகளை நெருக்கி உட்காரவைத்து, எத்தனை நடை நடந்திருந்தால் அந்தத் தொகை வரும் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவனும் வகுத்துப் பார்க்கலாம்.

மார்ச் மாதத்தில் அந்த வழியும் அடைபட்டது. சுமத்திரா ஜப்பானியர் கைக்குப் போனது. மீட்பதற்கு இனி ஒருவரும் இல்லை என்ற நிலையில்தான் ரெனால்ட்ஸ் படகை வடமேற்கே திருப்பினார். அவர் முன்னே கிடந்தது மலாக்கா நீரிணை. வலப்புறம் மலாயாக் கரை. இடப்புறம் சுமத்திராக் கரை. இரண்டும் பகைவர் வசம். போர்ட்டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனைக்கும் எதிரே உள்ள ரூபாட் தீவுக்கும் இடையே அந்த நீரிணை நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான அகலமாகச் சுருங்குகிறது. தெமியாங்கிலிருந்து ஏறத்தாழ இருபது மைல் தூரத்தில் இருக்கும் கடல் அதுதான். அந்த இடுக்கின் வழியாகத்தான் ஆறரை மைல் வேகப் படகு ஊர்ந்து வெளியேற வேண்டியிருந்தது. அதனைக் காத்தது வேகமுமன்று, பீரங்கியுமன்று. ஜப்பானியத் தச்சர் அதற்குக் கொடுத்த தோற்றம். வானத்திலிருந்து பார்த்த விமானிக்கு அது தன் நாட்டு மீன்படகு. பகைவனின் கண்ணில் பழகிய முகமாக இருப்பதே பெரிய கவசம் என்பதை அந்தப் பயணம் காட்டியது. பின்னர் வந்த திட்டமெல்லாம் இந்த ஒரே உண்மையின்மீது கட்டப்பட்டதுதான்.

வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து, 1942 மார்ச் 31 ஆம் நாள் கோஃபுக்கு மாரு நாகப்பட்டினத்தை அடைந்தது.

அந்தத் துறைமுகத்தைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே போக மனம் வராது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. அவை தூரத்தே நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து பயணிகளைப் படகுகளில் ஏற்றிக்கொண்டுபோய் அலை தூக்கிப்போடும் நேரம் பார்த்துக் கப்பலின் ஏணியில் ஏற்றுவார்கள். 'ரஜுலா', 'ரோனா' என்ற இரு கப்பல்கள் 1926 இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓடின. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, கப்பல்காரன் வடித்த சோற்றை உண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுகிறார்கள். தோட்டத்துக்கு அரசு உதவியோடு ஆள் சேர்த்து அனுப்புவதை இந்திய அரசு 1938 இல் தடை செய்தது. போர் வந்தபின் கப்பலே நின்றது. மலாயாவிலிருந்து நாகப்பட்டினத்தை நோக்கிக் கடிதம்கூடப் போகாத அந்த நாட்களில், மலாயாக் கடலிலிருந்து ஒரு மரப்படகு அங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. மகனிடமிருந்து செய்தி வராதா என்று காத்திருந்த ஊர்கள் பல தஞ்சை மாவட்டத்தில் உண்டு. அந்தப் படகு அவர்களுக்குக் கடிதம் எதுவும் கொண்டுவரவில்லை.

படகு தப்பியதும் மயிரிழையில்தான். ஐந்தே நாட்களில், ஏப்ரல் 5 ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6 ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9 ஆம் நாள் திருகோணமலை. அந்த வாரத்தில் வங்காள விரிகுடாவில் மூழ்கடிக்கப்பட்ட வணிகக் கப்பல்கள் இருபதுக்கு மேல். சென்னை மக்கள் மூட்டை முடிச்சோடு உள்ளூர்களுக்கு ஓடினார்கள். கோஃபுக்கு மாரு ஒரு வாரம் பிந்தியிருந்தால் அதன் கதை அந்த விரிகுடாவிலேயே முடிந்திருக்கக்கூடும். 'ரோனா' போரில் தப்பவில்லை என்பதையும் இங்கே குறித்துவிடலாம். படைவீரர்களை ஏற்றிச் சென்ற அது 1943 நவம்பர் 26 இல் அல்ஜீரியாக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டால் மூழ்கியது. அதில் மாண்டோர் 1,100க்கும் அதிகம். 'ரஜுலா' போரிலிருந்து மீண்டு, எழுபதுகள் வரை மீண்டும் நம் மக்களைச் சுமந்தது.

படகு பம்பாய்க்குப் போனது. அங்கே அதன் பெயர் மாறியது. ரெனால்ட்ஸைச் சுமத்திராவில் சந்தித்திருந்த ஐவன் லயன் என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி, சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் புகுந்து ஜப்பானியக் கப்பல்களை அழிக்கும் எண்ணத்தில் இருந்தார். அதற்கு ஜப்பானியப் படகைவிடப் பொருத்தமான வாகனம் எது? படகுக்கு 'கிரெயிட்' என்று பெயர் சூட்டப்பட்டது. அது இந்தியப் பாம்பொன்றின் பெயர். தமிழர் கட்டுவிரியன் என்பார்கள். நல்ல பாம்பைப்போல் படமெடுத்துச் சீறாது. இரவில் ஓசையின்றி வந்து தீண்டும். தீண்டியதே தெரியாமல் உறக்கத்தில் உயிர் போகும். பெயரிட்டவர் பாம்பின் இயல்பை அறிந்தே இட்டிருக்கிறார். 'இன்பம்' ஒரே நாளில் கட்டுவிரியன் ஆனது.

ஆனால் அந்தப் பாம்பு எளிதில் நகர்வதாயில்லை. பம்பாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அது தானாகச் செல்ல முடியவில்லை. வேறொரு கப்பலின் மேல்தளத்தில் சரக்காக ஏற்றி அனுப்பினார்கள். அங்கும் பழைய இயந்திரம் அடிக்கடி நின்றது. கடைசியில் அதனைக் கழற்றிவிட்டு, ஆறு உருளைகள் கொண்ட 'கார்ட்னர்' டீசல் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அந்நாளில் பேருந்துகளிலும் லாரிகளிலும் ஓடிய இயந்திர வகைதான் அது. 1943 செப்டம்பர் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து புறப்படும் நேரத்தில் சுழலித் தண்டு முறிந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றின் தொழிலாளர் அதனைப் பற்றவைத்துக் கொடுத்தனர். உலகப்போரின் துணிச்சலான பயணங்களில் ஒன்று, ஒட்டுப்போட்ட தண்டின் பலத்தில் தொடங்கியது.

படகில் 14 பேர், ஆஸ்திரேலியரும் பிரிட்டிஷாரும். உடம்பில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு, கைலி கட்டி, ஜப்பானியக் கொடி ஏற்றிச் சென்றார்கள். லொம்போக் நீரிணையைத் தாண்டி, ஜாவாக் கடலைக் கடந்து, தெமியாங் நீரிணையின் வழியாகத் தீவுக்கூட்டத்துக்குள் நுழைந்தனர். பஞ்சாங் தீவில் ஆறு பேரை மூன்று மடக்குப் படகுகளோடு இறக்கிவிட்டுப் படகு விலகிச் சென்றது. செப்டம்பர் 26 ஆம் நாள் இரவு அந்த அறுவர் துடுப்பு வலித்துச் சிங்கப்பூர்த் துறைமுகத்தை நெருங்கி, ஏழு கப்பல்களின் அடிப்பகுதியில் காந்த வெடிகளைப் பொருத்தினர். விடியலுக்கு முன் அவை வெடித்தன. ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமுற்றன என்பது அந்நாளைய கணக்கு. ஆறு என்பது பின்னாளைய ஆராய்ச்சி. அறுவரும் திரும்பி வந்து படகு ஏறிய இடம் பொம்போங். ஒன்றரை ஆண்டுக்கு முன் அகதிகளை ஏற்றிய அதே தீவு. அக்டோபர் 19 ஆம் நாள் 'கிரெயிட்' எக்ஸ்மவுத்தில் நங்கூரமிட்டது. ஒருவரும் இறக்கவில்லை.

'ஜேவிக்' என்று பெயரிட்ட அந்தத் தாக்குதலைப் பற்றி நூல்கள் பல உள்ளன. ஆதலால் அதனை விரிக்க வேண்டுவதில்லை. வெடித்த பிறகு சிங்கப்பூரில் நடந்தது விரித்துச் சொல்லத் தக்கது.

ஜப்பானியர் இது கடலிலிருந்து வந்தவர் செயல் என்று நம்பவில்லை. சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த ஐரோப்பியக் குடிமக்களும் நகரில் வாழ்ந்த அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்து வானொலிவழியே சதிசெய்தார்கள் என்று கெம்பெய்த்தாய் எனும் இராணுவப் போலீசார் முடிவு கட்டினர். அக்டோபர் 10 ஆம் நாள் சாங்கிச் சிறையில் புகுந்தார்கள். பத்தாம் மாதம் பத்தாம் நாள் ஆதலால் அது 'இரட்டைப் பத்து' என்று பெயர் பெற்றது. 57 பேர் பிடிபட்டனர். தண்ணீரை வயிறு முட்டப் புகட்டுவது, மின்சாரம் பாய்ச்சுவது, கட்டிவைத்து அடிப்பது என மாதக்கணக்கில் வதை நடந்தது. 15 பேர் இறந்தனர். கிறிஸ்துவ ஆயர் லெனர்ட் வில்சன் அடிபட்டவர்களுள் ஒருவர். சிற்றுண்டிக்கடை நடத்தியவரும் ஆசிரியையுமான எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாள் அடைக்கப்பட்டிருந்தார். அவர்களுள் எவருக்கும் அந்தப் படகைப் பற்றி ஒரு சொல்லும் தெரியாது. அடிக்கிறவன் கேட்கும் கேள்விக்கு விடையே தம்மிடம் இல்லாதபோது அடி எப்படி ஓயும்?

நேசநாடுகளோ வாய் திறக்கவில்லை. அதே வழியில் மீண்டும் ஒருமுறை செல்ல எண்ணியிருந்ததால் இரகசியம் காத்தார்கள். போரின் கணக்கில் அது சரியாக இருக்கலாம். எனினும், ஏழு கப்பல்களை ஒரு தட்டிலும் அந்தப் 15 பேரை மறு தட்டிலும் வைக்கும்போது, பொம்போங் போன்ற தீவுகளில் ஏற்றப்பட்ட 1,100 பேரை எந்தத் தட்டில் வைப்பது என்ற கேள்வி எழுகிறது. அந்தப் படகின் பெயரைச் சொன்னவுடன் உலகத்தாருக்கு நினைவு வருவது வெடி. முதலில் வரவேண்டியது அந்த இந்திரகிரி நடைகள் என்று கொள்வதே நேர்மை. கட்டுவிரியனாக அது செய்ததைக் காட்டிலும் கோஃபுக்கு மாருவாக இருந்தபோது செய்தது பெரிது. அப்பெயருக்கு ஏற்ற வேலையை அது ஒருமுறையேனும் செய்துவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. படகு எக்ஸ்மவுத்துக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னர், 1943 அக்டோபர் 17 ஆம் நாள், சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போட்டுவந்த தண்டவாளங்கள் இரண்டும் காட்டின் நடுவே ஒன்று சேர்ந்தன. அந்த மரண ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து இட்டுச்செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மடிந்தார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களை அள்ளிக்கொண்டு போயின. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும், லாரியில் ஏறிப்போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய பேச்சு இரண்டு தலைமுறை வரை லயத்துத் திண்ணைகளில் நின்றது. அவர்களை ஏற்றிவர எந்தப் படகும் எந்த ஆற்றிலும் வரவில்லை.

லயனும் ரெனால்ட்ஸும் போரின் முடிவைக் காணவில்லை. 1944 இல் லயன் 22 பேரோடு மீண்டும் சிங்கப்பூரை நோக்கிச் சென்றார். இம்முறை 'கிரெயிட்' உடன் இல்லை. அவரும் பிறரும் தீவுகளில் போரிட்டு மாண்டனர். பிடிபட்டவர்களுள் பதின்மர் 1945 ஜூலை 7 இல் சிங்கப்பூரில் தலை வெட்டப்பட்டனர். சரணடைவுக்கு ஆறு வாரம்கூட இல்லாத நாள் அது. 23 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ரெனால்ட்ஸ் வேறொரு பணியில் போர்னியோப் பக்கம் இறக்கப்பட்டுப் பிடிபட்டு, 1944 இல் பாலிக்பாப்பானில் கொல்லப்பட்டார். ஆயிரம் பேரைக் கரையேற்றியவர் தாம் கரையேற ஒரு படகின்றிப் போனார்.

படகு மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தது. போரின் பிற்பகுதியில் டார்வினைத் தளமாகக் கொண்டு சரக்கும் ஆளும் ஏற்றியது. 1945 செப்டம்பரில் அம்போன் தீவில் ஜப்பானியர் சரணடைந்தபோது அங்கு நின்றது. பிறகு கடற்படைக்கு அது தேவைப்படவில்லை. வட போர்னியோவில் விற்றுவிட்டார்கள். சண்டாக்கான் துறைமுகத்தில், மரம் அறுக்கும் நிறுவனமொன்றின் இழுவைப்படகாக அதன் மூன்றாம் பிறவி தொடங்கியது. இப்போது அதன் பெயர் 'பெடாங்'. மலாய் அறிந்த நம்மவர்க்குப் பொருள் சொல்ல வேண்டா; வாள்.

சண்டாக்கான் போரில் எரிந்து சாம்பலான ஊர். அங்கே அடைக்கப்பட்டிருந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள் 2,400க்கு மேற்பட்டோரில், ரானாவ்வை நோக்கிய மரண நடைகளுக்குப் பின் உயிரோடு எஞ்சியவர் அறுவர். அந்த ஊரைத் திரும்பக் கட்டியெழுப்பியவை காட்டு மரங்கள். ஆற்றின் மேல்பகுதியில் வெட்டிய மரங்களை உருட்டி நீரில் தள்ளி, சங்கிலியும் கம்பியும் கொண்டு தெப்பமாகப் பிணைத்து, துறைமுகத்துக்கு இழுத்துவருவார்கள். இந்தத் தொழிலைக் கண்ணால் கண்டவர்க்கே அதன் கடினம் விளங்கும். இழுவைப்படகுக்கு வேகம் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து பாரத்தை அசைக்கும் முறுக்குவலி வேண்டும். கயிறு தளர்ந்திருக்கும்போது திடீரென்று விசை கொடுத்தால் கயிறு அறுந்து, நிற்பவன் காலையே வெட்டிவிடும். ஆகவே மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். நீரோட்டம் தெப்பத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அப்போது கயிறு படகின் விலாவில் குறுக்கே விழுந்தால் படகே கவிழ்ந்துவிடும். வற்றுநீரின் போக்கைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். எதிர்நீர் வந்தால் சதுப்புக்கரையில் தெப்பத்தைக் கட்டிவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். வண்டியில் இளங்காளையைப் பூட்டிப் பழக்கியவர்கள் இந்த நுட்பத்தை உடனே பிடித்துக்கொள்வார்கள். பதினோரடி அகலமுள்ள ஒடுங்கிய மீன்படகு, இழுவைக்கென்று பிறந்ததன்று. ஆயினும் பதினைந்து ஆண்டுக்கு மேல் அந்த வேலையைச் செய்தது. கப்பல்களை மூழ்கடிக்க வெடி கொண்டுபோன படகு என்று சொல்லிக்கொள்ள அதன் உடம்பில் எந்த அடையாளமும் இல்லை.

ஆஸ்திரேலியர் சிலர் அதனை அங்கே கண்டு அடையாளம் தெரிந்துகொண்டனர். மக்களிடம் நிதி திரட்டி விலைக்கு வாங்கினார்கள். மறுபடியும் ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஏறி அது பிரிஸ்பேனுக்குப் போனது; அங்கிருந்து சிட்னிக்குச் சென்றது. 1964 ஏப்ரல் 25 ஆம் நாள், போரில் மடிந்தோரை ஆஸ்திரேலியர் நினைவுகூரும் அன்சாக் நாளில், சிட்னியில் அதனை நினைவுச்சின்னமாக அர்ப்பணித்தார்கள். அப்போதும் அதற்கு ஓய்வு கிட்டவில்லை. கடலோரக் காவல் தொண்டர்களின் பயிற்சிக்காக இன்னும் சில ஆண்டுகள் ஓடியது. 1985 இல் ஆஸ்திரேலியப் போர் நினைவகம் அதனைப் பெற்றுக்கொண்டது. பின்னர் சிட்னியின் கடல்சார் அருங்காட்சியகத் துறையில் நிறுத்தப்பட்டது. உளுத்த பலகைகளை மாற்றி, 1943 இல் இருந்த தோற்றத்துக்கே அதனைக் கொண்டுவரும் பணி, தாக்குதலின் எழுபத்தைந்தாம் ஆண்டான 2018 இல் நிறைவெய்தியது. எழுபதடி நீளமுள்ள அந்த மரப்படகுக்கு அப்போது வயது 84.